சுவரைப் பார்த்து நின்ற லொறி

உங்கள் ஜீப்பை இன்று காலையில் இரண்டு கான்ஸ்டபிள்மார் பஜார் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தேன், ஐயா. போலீஸ் ஸ்டேசனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதி ஆயுசை இந்த மலையில் லொறி ஓட்டியே கழித்தவனுக்கு, பனிக்காலத்துக் காலையில் தள்ளப்படுகிற வண்டியைப் பார்த்தால் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருக்கும். தள்ளியவர்களில் ஒருவர், "போன மாசந்தானே புது பேட்டரி போட்டோம், அதுக்குள்ள செத்துப்போச்சே" என்று திட்டிக்கொண்டே போனார். எல்லோரும் பேட்டரியைத்தான் திட்டுவார்கள்.

குற்றம் பேட்டரியில் இல்லை. குளிரில் பேட்டரியின் பலம் குறையும். அது அதன் இயல்பு. அதே குளிரில் எஞ்சின் எண்ணெய் பாகு மாதிரி இறுகிப்போகும், அதனால் எஞ்சினைச் சுற்ற வழக்கத்தைவிட அதிகப் பலம் வேண்டும். கையில் இருப்பது குறைவு, கேட்பது அதிகம். கொழும்பில் ஒரு தொல்லையும் இல்லாமல் ஓடுகிற பேட்டரி இங்கே தை மாதப் பனியில் ஒரே காலையில் மானத்தை வாங்கிவிடும். அப்படியும் டைனமோ ஒழுங்காக வேலை செய்தால் சமாளித்துக்கொள்ளலாம். பகல் ஓட்டத்தில் டைனமோ நிரப்பி வைப்பதைத்தான் பேட்டரி மறுநாள் காலையில் செலவழிக்கிறது. உங்கள் ஜீப் கிளம்பிய பிறகும் முன்பலகையில் அந்தச் சிவப்பு விளக்கு அணையவில்லை. திரும்பி வந்து நின்றபோது எட்டிப் பார்த்தேன். டைனமோவிலிருந்து ஒன்றும் வரவில்லை என்று அர்த்தம். அதைச் சுற்றுகிற பெல்ட் தொய்ந்திருக்கும். கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நீங்களும் என்னிடம் பேட்டரியைப் பற்றித்தான் கேட்டீர்கள். என் மருமகன் மரியநாயகம் லொறிக்கும் கற்சுவருக்கும் நடுவில் நசுங்கிச் செத்த அன்று தோட்டத்துக்கு வந்து, பேட்டரி எப்படி இறங்கியது என்று கேட்டீர்கள். "குளிருங்க ஐயா" என்றேன். எழுதிக்கொண்டீர்கள். மரண விசாரணைக்கு வந்த ஐயாவும் அதையே கேட்டார், நானும் அதையே சொன்னேன். தற்செயலான விபத்து என்று முடிந்துபோனது. உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. கேட்டதற்கு நான் பதில் சொன்னேன். கேட்காததைச் சொல்லத்தான் இன்றைக்கு மலையிறங்கி வந்திருக்கிறேன்.

என் பெயர் சூசைரட்ணம். பொகவந்தலாவைக்கு மேலே கடைசித் தோட்டத்தில் லொறி டிரைவர். தேயிலைப் பெட்டிகளை ஸ்டோரிலிருந்து, அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையிலிருந்து, ஹட்டன் ரயில் ஸ்டேசனுக்கு இறக்குவது, அரிசி மூட்டை ஏற்றி வருவது, சீக்காளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எல்லாம் அந்த ஒரே லொறிதான். முன்னே நான் அதில் கிளீனராக இருந்தேன். அப்போதுதான் என் பெண்சாதி ராசம்மாவுக்குப் பிரசவமானது. பிள்ளை பிறந்தது, இரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோ என்று மருத்துவச்சி கத்தினாள். லொறி ஸ்டோர் வாசலில், மேட்டைப் பார்த்து நின்றது. பனி கொட்டிய விடியற்காலை. சுவிட்சைப் போட்டால் ஒரு முனகல், அவ்வளவுதான். மேட்டைப் பார்த்து நிற்கிற லொறியைத் தள்ளி ஓடவிட முடியாது. நானும் டிரைவரும் மாறி மாறி முன்னால் ஹேண்டிலைப் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றினோம். கை பிய்ந்துபோகச் சுற்றினேன், ஐயா. எஞ்சின் பிடித்தபோது ராசம்மா கண்ணை மூடியிருந்தாள். அந்தப் பிள்ளைதான் மார்கிரட்.

நான் டிரைவரான பிறகு தோட்டத்தில் ஒரு சட்டம் போட்டேன். சாயங்காலம் வேலை முடிந்தால் லொறியை இறக்கம் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். சக்கரத்துக்குக் கல்லு வைத்து, கியரில் விட வேண்டும். பேட்டரி செத்தாலும் கிளச்சை மிதித்துக்கொண்டு கல்லை எடுத்துவிட்டால் லொறி தானாக உருளும். உருள்கிற வேகத்தில் கிளச்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். குளிர்காலத்தில் இந்த மலையில் எல்லா டிரைவரும் இப்படித்தான் நிறுத்துவார்கள். ஆனால் நான் அதில் பைத்தியக்காரன் என்று பேர் வாங்கியவன். ஒருமுறை எங்கள் இரண்டாவது டிரைவர் சிவசாமி மறந்துபோய் மேட்டைப் பார்த்து நிறுத்திவிட்டான். கோயில் திருநாள் என்றும் பாராமல் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அவன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பான். அதாவது, போன மாதம் வரைக்கும் சிரித்தான்.

மார்கிரட்டை நான்தான் வளர்த்தேன். பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுப் போகாமல், லொறியிலேயே பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போவேன். அவளுக்குச் சோறு பிசைந்து கொடுத்ததும், தலை பின்னிவிட்டதும், முதல் நன்மைக்கு வெள்ளைக் கவுன் தைத்துப் போட்டதும் இந்தக் கைதான். இன்னொரு கலியாணம் கட்டச் சொல்லி எத்தனையோ பேர் சொன்னார்கள். நான் பிடிகொடுக்கவில்லை. வருகிறவள் பிள்ளையை எப்படிப் பார்ப்பாளோ என்று பயம். எனக்கு உலகத்தில் வேறு ஆள் கிடையாது, ஐயா. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மரியநாயகத்தை அவளுக்குப் பார்த்ததும் நான்தான். ஸ்டோரில் வேலை செய்தான். கள்ளுக் கடைப் பக்கம் போகாதவன், பூசைக்குத் தவறாதவன். அவனும் அவன் தாய் அந்தோனியம்மாவும் எங்கள் லயத்திலேயே, அந்த வரிசை வீட்டில் மூன்று காம்பரா தள்ளி இருந்தார்கள். கட்டிக் கொடுத்தாலும் மகள் கூப்பிடு தூரத்தில் இருப்பாள் என்று கணக்குப் போட்டேன். ஒரே ஒரு சிக்கல். நான் இங்கே பிறந்தவன் என்று நாயாக அலைந்து பிரஜாவுரிமை வாங்கியிருந்தேன். அவனும் தாயும் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்தார்கள். இங்கே தங்குவதற்கு விசா வேண்டும். "அதெல்லாம் புதுப்பிச்சுக்கலாம் மாமா, எல்லாரும் அப்படித்தான் இருக்காங்க" என்றான். நம்பிக் கொடுத்தேன்.

போன வருசக் கடைசியில் இனிமேல் விசா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தை மாதம் முடிவதற்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். அவன் இன்னும் கொஞ்சம் அலைந்திருக்கலாம். அலையவில்லை. திண்டுக்கல் பக்கம் அவன் அண்ணனுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது, அவனுக்கு உள்ளூர ஆசைதான். மார்கிரட் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாள். "அப்பா, அவரு போறாருன்னா நானும் போகத்தானே வேணும்."

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"நீங்களும் வாங்கப்பா."

அவள் அவன் பெண்சாதி என்று போகலாம், எனக்கு ஏது இந்தியப் பாஸ்போர்ட்? அது அவளுக்கும் தெரியும். என்னைச் சிரிக்கவைக்க நினைத்தாளோ என்னவோ, "உங்களுக்கென்னப்பா, உங்களுக்கு லொறி இருக்கு" என்றாள். நான் ரொட்டியைத் தின்றுவிட்டு எழுந்து போனேன். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் கோபத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுத வேண்டாம். நான் நிதானமாக யோசித்தேன். யாரிடமும் சத்தம் போடவில்லை.

முதலில் எனக்குத் தோன்றியதெல்லாம் ரயிலைத் தவறவிடுவதுதான். ஹட்டனில் காலை ரயிலைப் பிடித்தால்தான் தலைமன்னார் போய்க் கப்பலேற முடியும். அவர்களையும் பெட்டிகளையும் ஹட்டனுக்கு ஏற்றிப்போக லொறியைத் தரலாம் என்று தோட்டத்துத் துரை உத்தரவு கொடுத்திருந்தார். ஆகவே புறப்படுவதற்கு முந்திய வாரமே டைனமோ பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். அறுக்கவில்லை, அறுத்தால் சந்தேகம் வரும். ஒரு நட்டை அரைச் சுற்று விட்டாலே போதும். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதன் மேல் ஒரு துணியைப் போட்டு வைத்தேன். பேட்டரி நாளுக்கு நாள் இறங்கியது. கண்ணாடிக் குழாயில் அசிட்டை உறிஞ்சிப் பார்த்தால் உள்ளே மிதக்கிற குண்டு எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவுக்குப் பேட்டரி காலி. ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு வந்தேன். சீக்காளிக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரிதான். பனியும் நன்றாக விழுந்தது. அந்த வாரம் மேல் மலையில் கொழுந்தெல்லாம் கருகிப்போனது உங்களுக்கு நினைவிருக்கும்.

அப்புறம் யோசித்தேன். இன்றைக்கு ரயில் தவறினால் நாளைக்கு ரயில் இருக்கிறது. பேட்டரி செத்தால் வேறு தோட்டத்து லொறியைக் கேட்பார்கள். பிடிவாதமாகப் போகிறவனை ஒரு செத்த பேட்டரி எத்தனை நாளைக்கு நிறுத்தும்? இதை நான் மாதாவுக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு யோசித்தேன், ஐயா. வேறு வழி காட்டு என்று கேட்டேன். மன்றாடினேன் என்றே எழுதுங்கள். நெற்றியைத் தரையில் வைத்து அழுதேன். ஒரு வழியும் தென்படவில்லை. மகள் போன பிறகு அந்தக் காம்பராவில் நான் யாருக்குச் சோறு பொங்குவேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் லொறியை லயத்து வாசலுக்குக் கொண்டுவந்தேன். அந்த வாசல் தெரியும்தானே உங்களுக்கு? மலையை வெட்டி எழுப்பிய கற்சுவர் ஒரு பக்கம், லயத்து வராந்தா மறுபக்கம். சுவரை நோக்கித் தரை லேசாகச் சரியும். நான் லொறியின் முகத்தைச் சுவருக்குக் கொடுத்து நிறுத்தினேன். பின்பக்கம் வராந்தாவைப் பார்த்து இருந்தால் பெட்டி ஏற்றச் சுகம் என்று எல்லோரிடமும் சொன்னேன், அது உண்மையும்கூட. ஹேண்டில் போட்டுச் சுற்ற லொறிக்கு முன்னால் ஒரு ஆள் நிற்க இடம் வேண்டுமே. நானே இறங்கிச் சுவருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் நின்று பார்த்தேன். ஒரு ஆள் குனிந்து நிமிர்ந்து சுற்ற இடம் விட்டேன். அதற்கு மேல் விடவில்லை. இறங்குவதற்கு முன் முதலாம் கியரில் போட்டேன். அது எப்போதும் உள்ள பழக்கம்தான். இருட்டியதும் முன்விளக்கைக் கொஞ்ச நேரம் எரியவிட்டேன். பெட்டி கட்டுகிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்று அதற்கும் காரணம் இருந்தது.

நீங்கள் கேட்காதது இதுதான், ஐயா. அந்த லொறி எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று யாருமே கேட்கவில்லை. சிவசாமிக்குத் தெரியும். அன்றைக்குக் காலையில் வழியனுப்ப வந்தவன் லொறியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "என்னண்ணே, மூக்கக் கொண்டுபோய்ச் சுவத்துல வச்சிருக்கீங்க?" என்றான். "பொட்டி ஏத்தணும்ல" என்றேன். சரியென்று தலையாட்டினான். விசாரணையில் அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவனும் வாயைத் திறக்கவில்லை. இப்போது என்னைக் கண்டால் வேறு பாதையில் போகிறான்.

காலையில் பனி புகை மாதிரி நின்றது. லயமே திரண்டு வந்திருந்தது. பொம்பளைகள் மார்கிரட்டைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்தோனியம்மா பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டு செபமாலை உருட்டினாள். நான் சுவிட்சைப் போட்டேன். ஒரு டக்கென்ற சத்தம், அவ்வளவுதான். எல்லோரும் வாயில் கை வைத்தார்கள். பின்னால் தள்ளிப் பார்ப்போம் என்று சிவசாமி சொன்னான். பின்னால் ஏற்றம், பாரம் வேறு, வேண்டாம் என்றேன். ஹேண்டில் போட்டால் கிளம்பிவிடும், எனக்குத்தான் தோள்பட்டை வலி என்றேன். சிவசாமி கையை நீட்டினான். அதற்குள் மரியநாயகம் புதுக் கோட்டைக் கழற்றி மார்கிரட் கையில் கொடுத்துவிட்டு ஹேண்டிலை எடுத்துக்கொண்டான். அவன்தான் எடுப்பான் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ காலையில் எனக்காகச் சுற்றியிருக்கிறான். மாமனார் கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் இல்லை. நல்ல பையன், ஐயா. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மார்கிரட்டைப் பின்னால் அத்தையோடு உட்காரத்தான் சொல்லியிருந்தேன். அவள் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கடைசித் தடவை அப்பாவோடு முன்னால் வருகிறேன் என்றாள். அவள் சின்னப் பிள்ளையாக உட்கார்ந்து வந்த அதே இடம். நான் செருப்பில்லாமல் இருந்ததைப் பார்த்தாள். நான் எப்போதும் வெறுங்காலில்தான் ஓட்டுவேன், பெடல் தெரிய வேண்டும். "இந்தப் பனியில காலு விறைச்சிருமேப்பா" என்று தன் பையைத் திறந்தாள். கப்பல் பயணத்துக்கென்று அவள் புருசனுக்குத் தானே பின்னிய கம்பளிக் காலுறை உள்ளே இருந்தது. குனிந்து, என் இரண்டு காலிலும் அவள் கையாலேயே மாட்டிவிட்டாள். பாதத்தைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டாள். "இப்ப கதகதன்னு இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். உண்மையிலேயே கதகதப்பாகத்தான் இருந்தது.

அப்போது நான் நினைத்ததைக் கைவிட்டிருக்கலாம். அதை நான் மறைக்கவில்லை. கியரை எடுத்துவிட ஒரு கையசைவு போதும். ஆனால் அவள் நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. போகப் பிடிக்காமல்தான் அழுகிறாள் என்று எனக்குப் பட்டது. பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை, நான்தான் அவளுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று பட்டது. அவளே கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

குளிரில் ஹேண்டில் போடும்போது டிரைவர் கிளச்சை மிதித்துக்கொண்டிருப்பது வழக்கம். கியர்ப் பெட்டியிலும் எண்ணெய் இறுகியிருக்கும், கிளச்சை மிதித்தால் சுற்றுகிறவனுக்குப் பாரம் குறையும். மிதித்துக்கொண்டிருக்கும்வரை கியரில் இருந்தாலும் லொறி நகராது. நானும் மிதித்துக்கொண்டிருந்தேன். ஹேண்ட் பிரேக் பழசு, லேசான சரிவில் உருளாமல் பிடிக்கும், எஞ்சின் தள்ளினால் பிடிக்காது, அது துரைக்கே தெரிந்த லட்சணம். மரியநாயகம் ரேடியேட்டருக்கு மேலே தலையை நீட்டி, "மாமா, கப்பல் நமக்காக நிக்காது, நல்லா சோக்கை இழுத்து விடுங்க" என்று சிரித்தான். குனிந்தான். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பேட்டரியில் மிச்சமிருந்தது ஒரு பொறிக்குப் போதும் என்று எனக்குத் தெரியும். அந்த அளவுக்குத்தான் விட்டுவைத்திருந்தேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. நல்ல சத்தம், ஒரு இருமலும் இல்லாத சத்தம். நான் காலை எடுத்தேன்.

கால் மரத்து வழுக்கிவிட்டது என்று உங்களிடம் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைதான் பொய். கால் மரக்கவில்லை. மரக்கவில்லை என்பது மார்கிரட்டுக்குத் தெரியும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காலுறை பெடலில் வழுக்குமோ என்று பார்த்தாளாயிருக்கும்.

அவள் கத்தவில்லை. வெளியில்தான் எல்லோரும் கத்தினார்கள். லொறியைப் பின்னால் இழுக்க லயமே கை கொடுத்தது. காலையில் தள்ள முடியாது என்று நான் சொன்ன அதே ஏற்றத்தில் அவ்வளவு பாரத்தோடு லொறி பின்னால் போனது. மரியநாயகத்துக்குக் கொஞ்ச நேரம் நினைவிருந்தது. என்னைத்தான் தேடினான். "மாமா, கியரு" என்றான். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துச் சொன்னான். நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அந்த அழுகை நடிப்பில்லை. கோயில் பாதரும் பார்த்தார், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

மரண விசாரணையில் மார்கிரட்டைக் கேட்டபோது, "நான் பாக்கலைங்க" என்றாள். அவ்வளவுதான். என்னைக் காப்பாற்றுகிறாள் என்று எனக்கு மனம் குளிர்ந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும், கொஞ்ச நாள் அழுவாள், பிறகு பழையபடி ரொட்டி சுட்டு வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பாள் என்று நினைத்தேன். அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம் என் காம்பரா வாசலில் வந்து நின்றாள். கையை நீட்டினாள். "அந்தக் காலுறையத் தந்துருங்க" என்றாள். கழற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள். அப்பா என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் கதவைத் தட்டினேன். சோறு பொங்கிக் கொண்டுபோய் வைத்தேன், நாய் தின்றது. வழியில் மறித்துக் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். கையை உதறவும் இல்லை, பிடித்திருக்கட்டும் என்று நின்று, நான் விட்டதும் போய்விட்டாள். ஏதாவது திட்டு என்றேன். கொலைகாரன் என்றாவது சொல்லு என்றேன். அந்தப் பிள்ளை என்னைத் தாண்டி மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, ஐயா. எனக்குத் தாங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தோனியம்மாதான் சொன்னாள். துக்கத்துக்காக அந்தோனியம்மாவுக்கு விசாவில் கொஞ்ச நாள் தவணை கொடுத்திருந்தார்கள், அது முடிகிறது. அவள் போகிறாள். மார்கிரட்டும் போகிறாள். மார்கிரட்டைப் போகச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. அவள் இந்த நாட்டுப் பிள்ளை, இருக்கலாம். "அத்தையத் தனியா அனுப்ப மாட்டேன்னு பிடிவாதமா நிக்கிறா, நீங்களாவது சொல்லுங்க அண்ணே" என்றாள் அந்தோனியம்மா, என்னிடம். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நாளைக் காலையில் சிவசாமி அவர்களை லொறியில் ஹட்டனுக்குக் கொண்டுபோகிறான். லொறியின் சாவியை அவன் என்னிடம் தருவதில்லை. நேற்றே லொறியை ஸ்டோர் வளைவில் இறக்கம் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல்லு வைத்து, பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டான். நான் கற்றுக்கொடுத்தபடியே எல்லாம் செய்திருக்கிறான். அது நாளைக்கு நிச்சயம் கிளம்பும்.

பாதரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். செய்யலாம். பாதர் மன்னிப்புத்தான் கொடுப்பார். அவரால் யாரையும் நாட்டில் நிறுத்திவைக்க முடியாது.

ஹட்டன் கோர்ட்டு வாசலில் ஒரு புரக்டர் வக்கீலின் குமாஸ்தாவிடம் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன், யாருக்கோ என்கிற மாதிரி. கொலை வழக்கென்றால் முதலில் ஹட்டனில் விசாரித்து, பிறகு பெரிய கோர்ட்டுக்கு அனுப்புவார்களாம். வருசக்கணக்கில் இழுக்குமாம். நேரில் பார்த்த சாட்சி ஒரே ஆள் என்றால், வழக்கு முடியும்வரை அந்த ஆளை நாட்டை விட்டு விட மாட்டார்களாம். உண்மைதானே, ஐயா? எனக்கு அது மட்டும் சரியாகத் தெரிய வேண்டும்.

நான் சொன்னதை மட்டும் வைத்து முடித்துவிடாதீர்கள். நாளைக்கு நானே மறுத்தாலும் மறுப்பேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது உங்களுக்கு அவள் வேண்டும். பெல்ட், கியர், சுவர் எல்லாம் நான் சொல்கிற கதை. காலை மட்டும் அவள் பார்த்தாள். ஆகவே என் பெயருக்குக் கீழே அவள் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். மார்கிரட். கோர்ட்டில் சத்தியம் செய்த பிறகு அவள் வாய் திறந்துதானே ஆக வேண்டும்? என்னோடு பேச வேண்டாம். என்னைப் பற்றிப் பேசினால் போதும். நான் கூண்டில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். என்ன தண்டனை என்று நான் உங்களிடம் கேட்கவில்லை, கவனித்திருப்பீர்கள். எனக்குத் தூக்குக்கயிறைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

இப்போதே ஆள் அனுப்ப முடிந்தால் நல்லது. மேலிடத்தில் உத்தரவு வாங்கி விடிந்த பிறகுதான் போக முடியும் என்றால், அவர்கள் தோட்டத்திலிருந்து புறப்படுவதற்கு முன்னால் போய்விட வேண்டும். உங்கள் ஜீப் இருக்கிற இலட்சணத்தில் அது நாளைக் காலையிலும் கிளம்பாது. ஒரு ஸ்பானர் மட்டும் கொடுங்கள், விலங்கு போட்டிருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பெல்ட்டை இறுக்கித் தருகிறேன். பேட்டரி ஒரே நாளில் ஏறாது. அதனால் தயவுசெய்து, ஐயா, இன்றைக்கு ஜீப்பை இறக்கம் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள்.